வாங்கும் முன் கேளுங்கள்: ஸ்டீல்ஹெட் பயணமும் போன முன்பணமும்

குளிர்காலம் நெருங்கினால் வாஷிங்டன் மாநில வாசகர்களின் கடிதங்கள் ஆற்றுப் பக்கம் திரும்பிவிடும். ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்கே திரும்பும் ரெயின்போ ட்ரவுட்தான் ஸ்டீல்ஹெட். அதைத் தேடி நண்பர்களோடு ஒலிம்பிக் தீபகற்பத்துக்குப் போனவர்களும் போகப்போகிறவர்களும் எழுதியவை இந்த வாரம்.

இரண்டு நாள் கைடு (கூட வந்து மீன்பிடிக்க வழிகாட்டுகிறவர்) வைத்தும் ஒரு மீன்கூடப் படவில்லை. பாதிப் பணமாவது கேட்கலாமா? (டகோமா)

கேட்க முடியாது. நீங்கள் வாங்கியது கைடின் இரண்டு நாள் உழைப்பை. மீனை யாரும் விற்கவில்லை.

நான்கு நண்பர்கள் சேர்ந்து, சமூக ஊடகத்தில் பார்த்த கைடுக்கு 800 டாலர் முன்பணத்தை ஸெல் (Zelle) என்ற வங்கிப் பணப் பரிமாற்றச் சேவை வழியாக அனுப்பினோம். இப்போது போனை எடுப்பதில்லை. (ரெட்மண்ட்)

படித்ததும் மனசு கஷ்டமாக இருந்தது. பெரிய மீனோடு நிற்கும் படங்களைப் போட்டு நம்பவைப்பதுதான் இவர்கள் தொழில். ஏமாந்தோமே என்று நண்பர்களுக்குள் ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொள்ளாதீர்கள். இன்றே வங்கியில் மோசடி என்று எழுத்தில் புகார் கொடுங்கள். காவல்துறையிலும் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்திலும் பதிவு செய்யுங்கள். அவர் அனுப்பிய செய்திகளில் ஒன்றையும் அழிக்க வேண்டாம். நீங்களே ஸெல்லில் அனுப்பிய பணத்தை மீட்பது கடினம், அதை மறைக்க மாட்டேன். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், பில் வந்த 60 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபிக்கும் உரிமை சட்டத்திலேயே உண்டு. அப்புறம், இந்த மாநிலத்தில் கைடுகளுக்கு மீன், வனவிலங்குத் துறையின் லைசென்ஸ் வேண்டும். பணம் அனுப்பும் முன் அதைக் காட்டச் சொல்லுங்கள்.

350 டாலருக்குப் பெரிய ஐஸ் பெட்டி வாங்கிப் போனோம். பிடித்த மூன்று மீனையும் கைடு விடச் சொல்லிவிட்டார். (பெல்வியூ)

சரியாகத்தான் செய்தார். இயற்கையாகப் பிறந்த ஸ்டீல்ஹெட்டை வைத்துக்கொள்ள 2016 முதல் இங்கே அனுமதி இல்லை. படம் எடுப்பதற்காகக்கூட முழுதாகத் தண்ணீருக்கு வெளியே தூக்கக் கூடாது. முதுகின் பின்பகுதியில், வாலுக்கு முன்னால், சிறு சதைத் துடுப்பு ஒன்று இருக்கும். பண்ணையில் வளர்த்து விட்ட மீனுக்கு அதை வெட்டியிருப்பார்கள். அந்த மீனைத்தான், அதுவும் விதி அனுமதிக்கும் ஆற்றில்தான், வீட்டுக்குக் கொண்டுபோகலாம். விதிப் புத்தகத்தை ஐந்து நிமிடம் புரட்டியிருந்தால் அந்த 350 டாலர் கையில் இருந்திருக்கும்.

நாங்கள் போகும் முன்பே துறை மீன்பிடிக்கத் தடை போட்டு ஆற்றை மூடிவிட்டது. முன்பணத்தைத் திருப்பித் தர முடியாது என்கிறார் கைடு. (ஒலிம்பியா)

பல வருடங்களாக என் மனதை உறுத்தும் விஷயம் இது. ஆற்றை மூடுவது திடீர் விபத்து இல்லை. திரும்பி வரும் மீன் குறைந்தால் துறை பருவத்தின் நடுவிலேயே கை வைக்கும். 2020 டிசம்பரில் கடற்கரை ஆறுகளில் படகிலிருந்து மீன்பிடிப்பதைத் தடுத்தார்கள். 2022இல் மார்ச் 1ஆம் தேதியே அந்த ஆறுகளை மூடினார்கள். மீனைக் காப்பாற்ற அது வேண்டியதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இப்படி நடக்கும் என்று தெரிந்தே தொழில் செய்கிறவர், நஷ்டம் முழுவதையும் வாடிக்கையாளர் தலையில் கட்டுவது நியாயமா? நானும் ஒரு முறை 400 டாலர் இழந்தேன். ரசீதின் அடியில், கண்ணாடி போட்டும் சிரமப்பட்டுப் படிக்க வேண்டிய எழுத்தில், ‘எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது’ என்று இருந்தது. கையெழுத்துப் போட்டபோது நான் அதைப் பார்க்கவில்லை.

நல்ல கைடுகள் அந்தப் பணத்தை வேறு தேதிக்கோ வேறு ஆற்றுக்கோ மாற்றித் தருகிறார்கள். நீங்களும் முதலில் அதை மின்னஞ்சலில் கேளுங்கள். இனிமேல் கட்டும் முன்பே எழுதி வாங்க வேண்டியவை: ஆறு மூடினால் என்ன, மழையில் கலங்கிப் பெருகினால் என்ன, குழுவில் ஒருவர் வராவிட்டால் என்ன. ஒலிம்பிக் தீபகற்பத்தின் ஹோ ஆறு பனியாறுகளிலிருந்து வருவது; ஒரு பெருமழைக்கே கலங்கிவிடும். அதனால் இரண்டாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள்.

மார்ச் 20இல் வாங்கிய வருட மீன்பிடி லைசென்ஸ் ஏப்ரலில் செல்லாதாமே? (கென்ட்)

செல்லாது. இங்கே லைசென்ஸ் வருடம் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. இரண்டு மூன்று நாளுக்கான லைசென்ஸ் போதுமாக இருந்தது.

பழைய ஸ்பே தூண்டில் கம்பு (இரண்டு கையாலும் வீசும் நீளக் கம்பு) வாங்கினேன். ‘ஆயுள் உத்தரவாதம்’ எனக்கும் உண்டா? (போர்ட்லாந்து)

பெரும்பாலும் முதலில் வாங்கியவருக்கு மட்டும்தான்.

ஆன்லைனில் 90 டாலருக்கு வாங்கிய வேடர் (ஆற்றில் இறங்கி நிற்கப் போடும், தண்ணீர் புகாத உடை) முதல் நாளே ஒழுகியது. உபயோகித்த பொருள் என்று கடை திருப்பி எடுக்க மறுக்கிறது. (எவரெட்)

தண்ணீரில் இறங்காமல் ஒழுகுவது எப்படித் தெரியும்? அதையே எழுதிக் கேளுங்கள், கார்டு நிறுவனத்திடமும் புகார் கொடுங்கள். நானும் மலிவு வேடர் வாங்கியவன். தொடை சேரும் இடத்தில் தையல் விட்டிருந்தது. பத்து நிமிடத்தில் காலுறை நனைந்து, பாதத்தில் உணர்ச்சியே இல்லாமல் கரையேறினேன். காற்றுப் போகும் துணி வகை என்றால், உள்பக்கத்தை வெளியே திருப்பி ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தெளியுங்கள். ஓட்டை இருக்கும் இடம் கரும்புள்ளியாகத் தெரியும். அதைப் படம் எடுத்துப் புகாரோடு அனுப்புங்கள். அடுத்த வேடரைக் குளியல் தொட்டியில் நின்று பார்த்துவிட்டு ஆற்றுக்குக் கொண்டுபோங்கள். இடுப்புப் பெல்ட்டை இறுக்கிக் கட்டுங்கள். விழுந்தால் தண்ணீர் உள்ளே நிறையாமல் தடுப்பது அதுதான்.