ஸ்கேன் செய்த வரைபடத்தை லேசருக்குக் கொடுக்கும் முன்

கேள்வி: பினாங்கு, பிறையில் சிறு பட்டறை வைத்திருக்கிறேன். பழைய இயந்திரத்தின் ஃபிளாஞ்ச் தகட்டுக்கு (போல்ட் போட்டு இணைக்கும் விளிம்புத் தகடு) ஏ3 தாளில் கைவரைபடம் மட்டுமே இருக்கிறது. ஸ்கேன் செய்து, இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் டிரேஸ் செய்து (படத்தை மென்பொருளே கோடுகளாக மாற்றுவது), டிஎக்ஸ்எஃப் (DXF) என்ற வரைபடக் கோப்பாக்கி அனுப்பினேன். கோடெல்லாம் இரட்டையாக இருக்கிறது, துளை வட்டமாக இல்லை, அளவும் 25 மடங்கு பெரிது என்று லேசர் கடைக்காரர் திருப்பிவிட்டார். எங்கே தவறு?

பதில்: மூன்றும் தனித்தனிக் கோளாறுகள். எளிதானது கடைசியில் சொன்னது. டிஎக்ஸ்எஃப்பில் இருப்பது வெறும் எண்கள். நீங்கள் மில்லிமீட்டரில் வரைந்ததை அவருடைய மென்பொருள் அங்குலமாகப் படித்தால் 25.4 மடங்கு பெருத்துவிடும். கோப்பில் அலகை மில்லிமீட்டர் என்று வைத்து, "தகட்டின் அகலம் இத்தனை மி.மீ." என்று ஒரு வரியும் எழுதி அனுப்புங்கள்.

இரட்டைக் கோட்டுக்குக் காரணம் டிரேஸ் வேலை செய்யும் விதம். 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேனில் ஒரு மி.மீ.க்குச் சுமார் 12 புள்ளிகள். அரை மி.மீ. பென்சில் கோடு ஆறு புள்ளி அகலமுள்ள பட்டையாகிறது. மென்பொருள் அந்தப் பட்டையின் இரு கரைகளையும் வரைகிறது. நடுக்கோட்டை மட்டும் எடுக்கும் வசதி இங்க்ஸ்கேப் 1.0 முதல் உண்டு. ஆனால் அதிலும் கோடுகள் சந்திக்கும் மூலைகள் நெளியும். துளையும் உண்மையான வட்டமாக வராது, வளைவுத் துண்டுகளாகவே வரும்.

அதனால், அளவு எழுதிய பாகத்தை டிரேஸ் செய்யவே செய்யாதீர்கள். லிப்ரேகேட், ஆட்டோகேட் போன்ற பொறியியல் வரைபட மென்பொருளில் ஸ்கேனை அடியில் வைத்து, மேலே புதிதாக வரையுங்கள். தாளில் எழுதியிருக்கும் எண்தான் அளவு, படம் வெறும் வழிகாட்டி. 120 மி.மீ. வட்டத்தில் ஆறு போல்ட் துளை என்றால், ஒன்றை வரைந்து 60 பாகைக்கு ஒன்றாகச் சுழற்றி நகலெடுங்கள். பத்து நிமிட வேலை. டிரேஸைத் திருத்த உட்கார்ந்தால் பாதி நாள் போய்விடும்.

எண் எழுதாத வளைவு இருந்தால் மட்டும் படத்தை அளக்கவேண்டி வரும். அப்போது தாளை நம்பாதீர்கள். நம் ஊர் ஈரக்காற்றில் தாள் ஊதும், ஜெராக்ஸ் எடுத்திருந்தால் நீளமும் அகலமும் வெவ்வேறு அளவில் இழுபட்டிருக்கும். எண் தெரிந்த ஒரு கிடைக்கோட்டையும் ஒரு நெடுக்கோட்டையும் அளந்து, இரண்டு திசைக்கும் தனித்தனியாகப் படத்தைச் சரிசெய்த பிறகு அடியில் வையுங்கள். தேய்ந்த பழைய தகடு கையில் இருந்தால் வெர்னியரால் துளைகளின் இடைவெளியை ஒத்துப் பாருங்கள். துளை தேய்ந்திருந்தாலும் மையங்கள் பெரும்பாலும் நகர்ந்திருக்காது.

வரைந்தபின் இரண்டு சோதனை. லிப்ரேகேடில் வெளிக்கோட்டை 'கான்டூர்' முறையில் தேர்வு செய்தால் முழுச் சுற்றும் ஒளிர வேண்டும். ஒளிராமல் நிற்கும் இடத்தில் இடைவெளி இருக்கிறது. ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் கோடுகளை ஆட்டோகேடின் 'ஓவர்கில்' கட்டளை நீக்கும். விட்டால் லேசர் அதே இடத்தில் இரண்டு முறை ஓடி விளிம்பைக் கருக்கும். லேசர் வெட்டும்போது எரிந்துபோகும் அகலத்துக்கான ஈட்டைக் கடைக்காரரே சேர்ப்பார். நீங்களும் சேர்த்தால் துளை அளவு மாறிவிடும்.

டிரேஸ் பொருத்தமாக இருப்பது காவடித் தகட்டு மயில் போன்ற அலங்கார வேலைக்குத்தான். அங்கே கவலை வேறு: மயில் கண்ணின் நடுப்பகுதி எதிலும் ஒட்டாமல் நின்றால் வெட்டி முடித்ததும் உதிர்ந்துவிடும். அதைச் சுற்றியுள்ள தகட்டோடு இணைக்க, தகட்டின் தடிமனுக்குக் குறையாத அகலத்தில் குறைந்தது இரண்டு பாலம் விட்டுவையுங்கள்.

அனுப்பும் முன் 100 சதவீத அளவில் தாளில் அச்சிட்டு, இயந்திரத்தின் போல்ட்டுகள் மேல் வைத்துப் பாருங்கள். அச்சிடும்போது 'தாளுக்குப் பொருத்து' என்ற தேர்வை நீக்கிவிட மறக்காதீர்கள்.