ஜெய்சல்மேரில் அறை: முழுக் காசையும் இப்போதே கட்டலாமா?

கேள்வி: டிசம்பர் விடுமுறையில் பிள்ளைகளோடு ராஜஸ்தானின் பாலைவன நகரமான ஜெய்சல்மேருக்குப் போகிறோம். யாழ்ப்பாணத்து முகவர் ஒருவர் கோட்டைக்குள் மூன்று இரவு, ஒட்டகச் சவாரி எல்லாம் சேர்த்து முழுக் காசையும் இப்போதே கேட்கிறார். கட்டலாமா? – வாசகி, கோப்பாய்

பதில்: வேண்டாம். முதல் இரவுக்கு மட்டும், கட்டணமில்லாமல் ரத்துச் செய்யக்கூடிய அறையாகப் பதியுங்கள். மிச்சத்தை அங்கே பார்த்து முடிவெடுக்கலாம்.

உங்களிடம் இருப்பது இலங்கைக் கடவுச்சீட்டு. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணித்தியாலத்துக்குள் விடுதிக்காரர் அவர்களின் விபரத்தை அரசுக்கு இணையத்தில் அனுப்ப வேண்டும். அதற்குப் பஞ்சிப்படும் சின்ன விடுதிகள் கடவுச்சீட்டைக் கண்டதும் ‘அறை இல்லை’ என்றுவிடும். காசு கட்டிய பற்றுச்சீட்டோடு ஒரு குடும்பம் வரவேற்பு மேசைக்கு முன்னால் பெட்டிகளின் மேலேயே குந்தியிருந்ததை நான் பார்த்தேன், சின்னவள் நித்திரையாகிவிட்டாள். விதி போடத் தெரிந்தவர்களுக்கு, எந்த விடுதி வெளிநாட்டவரை ஏற்கும் என்று வாசலில் எழுதி ஒட்டச் சொல்லத் தெரியாதா? பதியும் முன்னரே எழுதிக் கேட்டு, பதிலைப் போனில் வைத்திருங்கள்.

வாடகை நம்பமுடியாத மலிவென்றால், அந்த நட்டத்தை ஒட்டகச் சவாரியில் எடுப்பார்கள். வேறிடத்தில் சவாரி பிடித்தால் அறையைக் காலிபண்ணச் சொல்வதும் நடக்கிறது. ரயிலால் இறங்கியதும் ஓட்டோக்காரர் ‘அந்த விடுதி மூடியாச்சு’ என்பார். நம்பாமல் விடுதிக்கே போன் எடுங்கள். ஒட்டகச் சவாரி நடக்கும் சாம் மணல்மேடுகள் நகரிலிருந்து சுமார் 40 கிலோமீற்றர்தான். பின்னேரம் ஜீப்பில் போய்த் திரும்பலாம்.

கோட்டைக்குள் தங்காதீர்கள். 1156இல் கட்டத் தொடங்கிய கோட்டை அது. சனம் இன்றும் உள்ளே குடியிருக்கிறது. குடத்தில் சுமந்த தண்ணீருக்கே போதுமாக இருந்த வடிகால், இன்றைய குளியலறைகளைத் தாங்கவில்லை. கசியும் நீர் அடிமண்ணை இளக்கி மதில்கள் சரிந்திருக்கின்றன. கீழே மொட்டைமாடியுள்ள விடுதி எடுங்கள். கோட்டை முழுதாகத் தெரியும்.

விதிவிலக்கு ஒன்றுதான்: நத்தாரிலிருந்து புதுவருடம் வரை. அந்த நாட்களில் ஒரு இரவு விழுந்தாலும் மூன்று இரவையும் இப்போதே பதியுங்கள். 23ஆம் திகதி போய் 26 திரும்பினாலும் அப்படித்தான், 30 போனாலும் அப்படித்தான். அப்போதும் காசை முகவரிடம் கொடுக்காதீர்கள். விடுதிக்கே நேரே கட்டுங்கள்.

சரி, சுடுதண்ணீர் வருமா என்றும் கேளுங்கள். டிசம்பர் இரவில் 10 பாகைக்குக் கீழே இறங்கும். பிள்ளைகளுக்குத் தடித்த சுவெற்றர் வேண்டும்.