மேல்வீட்டுத் தண்ணீர் எங்கள் குசினியில்

கேள்வி: அரசாங்கத் தொடர்மாடியில் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். குசினி சீலிங்கில் தண்ணீர் ஒழுகுகிறது. மேல்வீட்டு அக்கா "எங்கட பைப் இல்லை" என்கிறார். தொடர்மாடி அலுவலகம் அனுப்பிய பாஸ் (திருத்த வேலை செய்பவர்), நாங்கள் வேலைக்குப் போன நேரம் வந்து "வீடு பூட்டு" என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். என்ன செய்வது?
— வாசகி, தெமட்டகொட

பதில்: முதலில் எப்போது ஒழுகுகிறது என்று பாருங்கள். நாள் முழுக்கச் சொட்டினால் தண்ணீர் வரும் பைப்பாக இருக்கலாம், மேலே குளித்த பிறகு மட்டும் என்றால் பெரும்பாலும் கழிவுக்குழாய் அல்லது தரை வெடிப்புத்தான். சந்தேகமென்றால் அக்காவிடம் தன்மையாகக் கேட்டு, துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்து அவர் குளியலறைத் தரையில் ஊற்றிப் பாருங்கள். சீலிங்கில் நீலம் தெரிந்தால் பிறகு அவரும் வாதாட மாட்டார் (நீலம் வராவிட்டால் மட்டும் அவர் சொன்னது சரி என்று ஆகிவிடாது).

பாஸ் விஷயத்தில் போன் பேச்சை நம்பாதீர்கள். முறைப்பாட்டை எழுத்தில் கொடுத்து, பிரதியில் திகதியும் முத்திரையும் வாங்குங்கள். எந்த நேரம் வீட்டில் ஆள் இருக்கும் என்பதையும், இல்லாவிட்டால் சாவி யாரிடம் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். மேல்வீட்டையும் அன்றைக்குத் திறந்து வைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் பாஸ் உங்கள் சீலிங்கைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்.

அதற்கும் சரிவராவிட்டால், பிணக்குகளைப் பேசித் தீர்த்துவைக்கும் மத்தியஸ்த சபை இருக்கிறது, 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்தது. அங்கே சட்டத்தரணிகள் வாதாட முடியாது, நீங்களே பேச வேண்டும். ஒழுகும் படங்களைத் திகதியோடு கொண்டு போங்கள்.