மீட்கப்பட்ட காவல் நாய்: படிவத்தில் கையெழுத்துப் போடும் முன்

கேள்வி: கோவை புறநகரில் தோட்டத்து வீட்டில் இருக்கிறோம். ஒரு பண்ணையில் சங்கிலியில் கட்டிப் பட்டினி போட்டிருந்த காகசியன் ஷெப்பர்ட் நாயை விலங்கு நல அமைப்பு ஒன்று மீட்டிருக்கிறது. நான்கு வயது, 60 கிலோ. தத்தெடுக்க ஆசை. ஆனால் அவர்கள் கொடுத்த படிவத்தில், 'நாய் யாரைக் கடித்தாலும் பொறுப்பு எனக்கே. அமைப்பு விரும்பினால் எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்' என்று இருக்கிறது. இந்த இனமே தடை செய்யப்பட்டது என்கிறார் பக்கத்துத் தோட்டக்காரர். கையெழுத்துப் போடலாமா?

பதில்: இப்போதைக்குப் போடாதீர்கள். நாயை உங்களுக்குக் கொடுக்கும் உரிமை அந்த அமைப்புக்கு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பண்ணைக்காரர் மீது வழக்குப் பதிவாகியிருந்தால், நாய் வழக்குச் சொத்து, அதாவது வழக்கு முடியும்வரை நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டில் இருப்பது. மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960, பிரிவு 29-இன்படி அவர் தண்டிக்கப்பட்டு, உரிமையையும் நீதிமன்றம் பறித்தால்தான் நாய் அவர் கையை விட்டுப் போகும். அதுவரை அமைப்பிடம் இருப்பது பராமரிப்புப் பொறுப்பு மட்டுமே. அவர் விடுதலையானால், ஒரு வருடம் உங்கள் வீட்டில் வளர்ந்த நாயைத் திருப்பிக் கேட்க வழியுண்டு. எனவே முதல் தகவல் அறிக்கை, பராமரிப்பு உத்தரவு இரண்டின் நகலையும் வாங்குங்கள். உங்களிடம் ஒப்படைக்க நீதிமன்ற அனுமதியை அமைப்பே பெற்றுத் தரட்டும்.

அவர் தானாகவே விட்டுக்கொடுத்திருந்தால், கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். நாய்க்கு மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு) இருந்தால் அதன் 15 இலக்க எண் கடிதத்தில் இருக்க வேண்டும். கால்நடை மருத்துவர் தோள்பட்டைகளுக்கு நடுவே ஸ்கேனரை ஓட்டும்போது பக்கத்தில் நின்று, கடிதத்தோடு இலக்கம் இலக்கமாக ஒப்பிடுங்கள்.

தடை விஷயம்: 2024 மார்ச் 12 அன்று மத்திய அரசு 23 இனங்களுக்கு எதிராக அனுப்பிய சுற்றறிக்கையில் காகசியன் ஷெப்பர்டும் இருந்தது. அடுத்த மாதமே டெல்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தமிழக அரசு அந்த மே மாதம் போட்ட தடையும் உடனே திரும்பப் பெறப்பட்டது. ஆனால் உள்ளாட்சிகள் தனியே கட்டுப்பாடு போடக்கூடும். உங்கள் இடம் மாநகராட்சியா ஊராட்சியா என்று பார்த்து, உரிமம் தருவார்களா என்று எழுத்தில் கேளுங்கள். வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று கையில் இருக்கட்டும்.

இனிப் படிவம். சட்டத்தின் கண்ணில் நாய் அசையும் சொத்து. நாம் 'தத்து' என்பது அங்கே தானம்தான். கொடுத்தவர் இஷ்டப்பட்டபோது திரும்பப் பெறலாம் என்ற நிபந்தனையோடு தரும் தானம், சொத்துரிமை மாற்றுச் சட்டம் பிரிவு 126-இன்படி செல்லாது. அமைப்பின் கவலை நியாயமானது. எத்தனையோ நாய்கள் தத்துப் போன வீட்டிலிருந்து மறுபடி விற்கப்படுகின்றன. அதனால் 'விற்றால்', 'வேறொருவருக்குக் கொடுத்தால்', 'நாளெல்லாம் கட்டி வைத்தால்' திரும்ப எடுக்கலாம் என்று காரணங்களைப் பெயர் சொல்லி எழுதச் சொல்லுங்கள். 200 ரூபாய் முத்திரைத்தாளில், இரண்டு சாட்சிகளோடு.

கடி பற்றிய வாசகம் உங்களுக்கும் அமைப்புக்கும் இடையில் மட்டுமே செல்லும், கடிபட்டவரைக் கட்டுப்படுத்தாது. அதைவிட முக்கியம், இந்த நாய் இதற்கு முன் யாரையாவது கடித்ததா, பாய்ந்ததா, எந்தச் சூழ்நிலையில் என்பதை எழுதி வாங்குவது. அமைப்பு தெரிந்தே மறைத்திருந்தால் ஒப்பந்தச் சட்டம் பிரிவு 17-இன்படி அது மோசடி. அவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டால், 'நாயின் சுபாவம் எனக்குத் தெரியாது' என்று நாளை நீங்கள் சொல்ல முடியாது. தெரிந்து வைத்திருந்தவருக்கு இழப்பீட்டு வழக்கில் தப்புவது கடினம். 'நாய்கள் ஜாக்கிரதை' பலகை காப்பாற்றாது. நாய் ஆபத்தானது என்று உங்களுக்குத் தெரியும் என்பதற்கு அதையே சாட்சியாகக் காட்டுவார்கள்.

பயந்து நாளெல்லாம் கட்டி வைக்கவும் கூடாது. நியாயமற்ற நேரம் குட்டைச் சங்கிலியில் கட்டுவதும், கட்டியே வைத்திருக்கும் நாயை நடமாட விடாததும் 1960 சட்டத்தின் பிரிவு 11-இன்படி குற்றம். அந்தப் பண்ணைக்காரர் செய்த அதே குற்றம்.

ஆகவே கேட்டைக் கவனியுங்கள். சிலிண்டர் கொண்டுவருபவர் வெளியிலிருந்து கைவிட்டுக் கொக்கியைத் தூக்கும் கேட் இந்த நாய்க்கு ஆகாது. உள்ளே இரண்டாவதாக ஒரு கேட், இரண்டுக்கும் தாழ்ப்பாள், குழந்தையின் கை நுழையாத கம்பி வலை வேண்டும். வெளியே நடத்தும்போது வாய் திறந்து மூச்சிரைக்க இடம்விடும் கூண்டு வகை வாய்மூடி போடுங்கள். துணி வாய்மூடி நம் வெயிலில், அதுவும் இத்தனை அடர்ந்த ரோமத்துக்கு, ஆபத்து.

'முதல் மாதம் தற்காலிகமாக வைத்துப் பாருங்கள்' என்று அமைப்பு சொல்லலாம். நல்ல யோசனைதான். ஆனால் அந்த மாதத்தில் நாயால் யாருக்காவது ஆபத்து வந்தால், பாரதிய நியாய சன்ஹிதா (இப்போதைய குற்றவியல் தண்டனைச் சட்டம்) பிரிவு 291 உரிமையாளர் யார் என்று கேட்பதில்லை. விலங்கு யார் வசம் இருந்தது என்றுதான் கேட்கிறது. அலட்சியத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆகவே இரண்டாவது கேட் வேலை முடிந்த பிறகே நாயை வண்டியில் ஏற்றச் சொல்லுங்கள்.