கறிக்கும் துணைக்கும் வான்கோழியையும் நாட்டுக்கோழியையும் வீட்டில் சேர்த்து வளர்க்கலாமா?

கேட்டவரிடம் பத்து சென்ட் தோட்டமும் ஆறு நாட்டுக்கோழிகளும் இருக்கின்றன. வான்கோழிக் குஞ்சு வாங்கிவந்து அவற்றோடு விடலாமா என்பது கேள்வி. வாங்கலாம். அவற்றோடு விட வேண்டாம். இரண்டும் ஒரே வீட்டில் வளரட்டும், ஒரே மண்ணில் மேயக் கூடாது. மற்ற தவறுகளைத் திருத்திக்கொள்ளலாம், இதைத் திருத்த வழியில்லை.

காரணம் கருந்தலை நோய். ஹிஸ்டோமோனாஸ் என்ற கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி, கோழியின் குடலில் இருக்கும் ஒரு சிறு புழுவின் முட்டைக்குள் ஒளிந்திருக்கும். அந்த முட்டை எச்சத்தோடு மண்ணில் விழுந்தால் வருடக்கணக்கில் சாகாது. மண்புழு அதைத் தின்றால் மண்புழுவிலும் இருக்கும். பெரும்பாலும் நாட்டுக்கோழி இதைச் சுமந்துகொண்டு நன்றாகவே திரியும். வான்கோழிக்குப் போனால் ஈரல் புண்ணாகிவிடும். தலை தொங்கும், சிறகு சரியும், எச்சம் கந்தகத் தூள் போலப் பளிச்சென்ற மஞ்சளாகப் போகும். செத்த பறவையை அறுத்துப் பார்த்தால் ஈரலில் காசு அளவு வட்ட வட்டக் குழிகள் தெரியும். மஞ்சள் எச்சத்தைப் பார்த்த பிறகு காப்பாற்றுவது கடினம்.

ஆகவே தோட்டத்தை வேலி போட்டு இரண்டாகப் பிரியுங்கள். இத்தனை நாள் கோழி மேயாத பக்கத்தை வான்கோழிக்குக் கொடுங்கள். தண்ணீர்ச் சட்டி, தீவனத் தட்டு, மண்வெட்டி, உள்ளே போகும்போது போடும் செருப்பு எல்லாமே தனித்தனி. காலையில் முதலில் வான்கோழிப் பக்கம், பிறகு கோழிப் பக்கம் என்ற வரிசை மாறக் கூடாது. கால்நடை மருத்துவரைக் கேட்டு நாட்டுக்கோழிகளுக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடற்புழு மருந்து கொடுங்கள்.

குஞ்சு வாங்குவதில் என் யோசனை: முதல் தடவை ஒரு நாள் குஞ்சு வேண்டாம், ஒன்றரை மாதம் தாண்டியதாக வாங்குங்கள். சென்னை நந்தனத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் கோழி ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய நந்தனம் வான்கோழி 1 நம் வெயிலுக்கு ஏற்ற ரகம்.

ஒரு நாள் குஞ்சுதான் கிடைத்தது என்றால் முதல் வாரம் பக்கத்திலேயே இருக்க வேண்டும். கோழிக்குஞ்சு தானாகக் கொத்திக் கற்றுக்கொள்ளும். வான்கோழிக் குஞ்சுக்குப் பார்வை மங்கல், பயமும் அதிகம். தட்டு நிறையத் தீவனம் இருக்கும், அதன் பக்கத்திலேயே பட்டினியால் செத்துக் கிடக்கும். தண்ணீர்த் தட்டில் நாலைந்து கலர் கோலிக்குண்டுகளைப் போடுங்கள். மினுமினுப்பைக் கொத்த வரும், அலகு நனையும், குடிக்கப் பழகிவிடும். குண்டு கிடப்பதால் விழுந்து மூழ்குவதும் இல்லை. பச்சை நிறம் அதன் கண்ணை இழுக்கும். அதனால் பொடியாக நறுக்கிய கீரையைத் தீவனத்தின் மேல் தூவுங்கள். முதல் பதினைந்து நாள் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி பால் கலந்து வையுங்கள். பத்துக் குஞ்சுக்கு ஒரு அவித்த முட்டையை உதிர்த்துப் போடுங்கள். அப்படியும் சாப்பிடாததைக் கையில் எடுத்து ஊட்டத்தான் வேண்டும்.

சூடு முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ், பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வர வேண்டும். ஒரு குஞ்சுக்கு இரண்டு வாட் என்று கணக்கு வைத்தால் 20 குஞ்சுக்கு ஒரு 40 வாட் குண்டு பல்பு போதும். எல்இடி பல்பு வெளிச்சம்தான் தரும், சூடு தராது. இது தெரியாமல் குஞ்சுகளை இழந்தவர்கள் பலர். பல்பின் கீழ் ஒன்றன் மேல் ஒன்று ஏறி நெருக்கினால் சூடு போதவில்லை, ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்து இரைத்தால் அதிகம். சுற்றி வைக்கும் அட்டை வட்டமாக இருக்கட்டும், மூலை இருந்தால் அங்கே குவிந்து நசுங்கும். தரையில் இரண்டு அங்குலம் உமி பரப்பி, முதல் நான்கு நாள் அதன் மேல் சாக்கு விரித்து வையுங்கள். இல்லாவிட்டால் உமியையே தீவனம் என்று தின்றுவிடும். செய்தித்தாள் கூடாது, வழுக்கிக் கால் அகன்றுவிடும்.

தீவனத்தில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. முதல் நான்கு வாரம் வான்கோழிக் குஞ்சுக்கு 28 சதவீதம் புரதம் தேவை. பிராய்லர் முதல்நிலைத் தீவனத்தில் 22, 23தான் இருக்கும். மூன்று பங்குக்கு ஒரு பங்கு சோயாப் புண்ணாக்கும் கொஞ்சம் தாது உப்புக் கலவையும் சேர்த்தால் கணக்கு சரியாகும். ஆனால் வாங்கும் முன் மூட்டையின் சீட்டைப் படியுங்கள். இரத்தக்கழிச்சலைத் தடுக்க பிராய்லர் தீவனத்தில் சாலினோமைசின் கலப்பது உண்டு. கோழிக்கு அது மருந்து, வான்கோழிக்கு விஷம். கால் விழுந்து, மூச்சுத் திணறிச் சாகும். நாரசின் என்று போட்டிருந்தாலும் அதே கதைதான். சீட்டு இல்லாத சில்லறைத் தீவனத்தை வான்கோழிக்குப் போடவே போடாதீர்கள்.

வளர்ந்துவிட்டால் செலவு குறையும். தின்பதில் பாதிவரை பச்சையாக இருக்கலாம். குதிரைமசால், வேலிமசால், முட்டைக்கோஸ் தழை எல்லாம் தின்னும். நாட்டுக்கோழிக்குக் காலையும் மாலையும் ஒரு கைப்பிடி கம்பு, குருணை, அதோடு மேய்ச்சல். குஞ்சுகளுக்குக் கரையான் பிடித்துப் போடுங்கள். ஒரு பானைக்குள் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, அட்டைத் துண்டு திணித்து, தண்ணீர் தெளித்து, சாயங்காலம் கரையான் நடமாடும் இடத்தில் கவிழ்த்து வையுங்கள். காலையில் பானையைத் தூக்கித் தட்டினால் பொலபொலவென்று உதிரும்.

இரவில் அடைய, வளர்ந்த வான்கோழிக்குத் தலைக்கு ஐந்து சதுர அடி, நாட்டுக்கோழிக்கு இரண்டு. வான்கோழி உட்காரும் கட்டை இரண்டடி உயரத்துக்கு மேல் வேண்டாம், கனத்த உடம்போடு குதித்துக் குதித்துப் பாதத்தில் புண் வரும்.

வெள்ளைக்கழிச்சலுக்கு நாட்டுக்கோழிக்கு ஏழாம் நாள் லசோட்டா என்ற தடுப்பு மருந்து கண்ணில் ஒரு சொட்டு, நான்காம் வாரம் மறுபடி, எட்டாம் வாரம் ஊசி. வான்கோழிக்கு நான்காம், ஐந்தாம் வாரத்தில் அம்மை ஊசி, ஆறாம் வாரம் வெள்ளைக்கழிச்சல் ஊசி. ஐஸில் வைத்தே கொண்டுவாருங்கள். கரைத்த மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். புட்டி நூறு பறவைக்கு வரும் என்பதால் பக்கத்து வீட்டுக் கோழிகளையும் வரச் சொல்லுங்கள், அதுவும் உங்கள் கோழிக்குப் பாதுகாப்புதான்.

கறிக்கும் துணைக்கும் என்று சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். அங்கேயும் பிரித்து வைத்தால்தான் மனம் நிம்மதியாக இருக்கும். ஒரு சேவல், நாலைந்து பெட்டை, இவை வீட்டுப் பறவைகள். பிள்ளைகள் பெயர் வைக்கட்டும், மடியில் வைத்துக் கொஞ்சட்டும். கறி இவற்றின் குஞ்சுகளிலிருந்து மட்டும். அந்தக் குஞ்சுகளுக்குப் பெயர் வேண்டாம், காலில் வளையம் போட்டு அடையாளம் வையுங்கள். கொஞ்சி வளர்த்த பறவையைப் பண்டிகையன்று அறுத்து அதே பிள்ளைக்குப் பரிமாறுவது சரியில்லை.

வான்கோழி உண்மையிலேயே நல்ல துணை. பின்னாலேயே வரும், உட்கார்ந்தால் பக்கத்தில் படுத்து மெல்ல முனகும். சேவலின் தலையும் மூக்குச் சதையும் நொடியில் சிவப்பாகும், வெளுக்கும், நீலமாகும். அதன் மனநிலை முகத்திலேயே தெரியும். ஆனால் ஆண் குஞ்சு ஒன்றை மட்டும் தனியாகக் கையில் வளர்க்காதீர்கள். மனிதரையே தன் இனம் என்று நினைத்து, பருவம் வந்ததும் வீட்டு ஆண்களைப் போட்டியாக எண்ணிப் பாயும். மூன்று நான்காகச் சேர்த்தே வளருங்கள்.

பெட்டை முப்பது வாரத்தில் முட்டை வைக்கத் தொடங்கும், பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான். காலையில் தேடினால் காக்கை கொண்டுபோயிருக்கும். அடைக்கு 28 நாள். நாட்டுக்கோழியின் கீழ் அடை வைப்பது பழைய வழக்கம், ஆனால் முதலில் சொன்ன நோய் அதன் எச்சத்தோடு குஞ்சுக்கு வரும். வான்கோழிப் பெட்டையே பத்துப் பன்னிரண்டு முட்டையைத் தாராளமாக அடைகாக்கும். பத்தாம் நாள் இருட்டில் செல்போன் டார்ச் அடித்துக் கூமுட்டையை எடுத்துவிடுங்கள்.

கறிக்கு ஆறேழு மாதம் ஆகட்டும். முந்தைய இரவே தீவனத்தை நிறுத்தி, தண்ணீர் மட்டும் வையுங்கள். மருந்து கொடுத்திருந்தால் மருத்துவர் சொன்ன நாள் கழியாமல் அறுக்காதீர்கள். இறகு பிடுங்கி, மஞ்சள் தடவி, தீயில் வாட்டுவதெல்லாம் கோழிக்குச் செய்வதுதான். தொடைக்குக் கீழுள்ள காலில் மட்டும் ஈர்க்குச்சி போல விறைத்த நரம்புகள் இருக்கும். கணுக்காலைச் சுற்றிலும் கீறி, பாதத்தை இழுத்தால் நரம்புகள் பாதத்தோடு உருவி வந்துவிடும். நெஞ்சுக்கறி சீக்கிரம் வறண்டுவிடும், கால்கறி வேக நேரம் எடுக்கும். இரண்டையும் ஒரே சட்டியில் போடாமல் கால்கறியைக் குழம்புக்கும் நெஞ்சுக்கறியை வறுவலுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.