புக்சோன் ஹனோக் தெருக்கள்: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: கொரியாவின் சோல் நகருக்குப் போகிறோம். காலை ஆறு மணிக்கே, ஹனோக் எனும் கொரியப் பாரம்பரிய வீடுகள் நிறைந்த புக்சோன் பகுதிக்குப் போனால் கூட்டமில்லாமல் படம் எடுக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். எல்லாப் படங்களிலும் வரும் அந்த ஏற்றச் சந்து, புக்சோன்-ரோ 11-கில் என்ற தெரு, 'சிவப்பு மண்டலம்'. சுற்றிப்பார்க்க வருபவர்களுக்குக் காலை 10 முதல் மாலை 5 வரைதான் அனுமதி. 2025 மார்ச் முதல், மீறினால் 1 லட்சம் வொன் அபராதம். அவை ஆட்கள் குடியிருக்கும் வீடுகள். விடியும் முன்பே வாசலில் பேச்சுச் சத்தம் கேட்டால் யாருக்குத்தான் பொறுக்கும்? வார நாளில் சரியாகப் பத்து மணிக்குச் சந்து முனையில் இருங்கள், போதும்.

கேள்வி: வழி? அம்மாவுக்கு முழங்கால் வலி வேறு.

பதில்: மெட்ரோ 3-ஆம் பாதை, அங்குக் நிலையம், 2-ஆம் வாசல். நேரே மேலேறினால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் இடப்பக்கம் அந்தச் சந்து வரும். நடைவழிக்கு கூகுள் மேப்பை நம்பாதீர்கள், நேவர் மேப் என்ற கொரியச் செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். அம்மாவை 3-ஆம் வாசல் வழியாகக் கயே-தோங் தெருவுக்குக் கூட்டிப்போங்கள். அங்கே கடைசிப் பகுதியில்தான் ஏற்றம்.

கேள்வி: வீடுகள் எல்லாம் 600 வருடப் பழசாமே?

பதில்: ஊர் பழசு, வீடுகள் அப்படியல்ல. பெரும்பாலானவை 1930-களை ஒட்டியவை. பிரபுக்களின் பெரிய மனைகளை வாங்கித் துண்டு போட்டு, சின்னச் சின்ன ஹனோக்குகளாகக் கட்டி விற்றார்கள். அப்படிக் கட்டி விற்றவர்களில் ஜொங் செ-க்வோன் முக்கியமானவர். அடையாளம் வேண்டுமா? கூரை விளிம்பில் தகரத் தூம்பு, கூடத்துக் கதவில் கண்ணாடி, அடியில் கருங்கல் வைத்து மேலே செங்கல் அடுக்கிய சுவர். அடுத்தடுத்த வீட்டுக் கூரைகள் இடித்துக்கொள்வதுபோல் நிற்பதும் மனை சிறுத்ததால்தான்.

சந்தில் கதவுகள் மூடியே இருக்கும். உள்ளே எப்படி என்று பார்க்க, போகிற வழியிலேயே பெக் இன்-ஜே வீடு இருக்கிறது. 1913-இல் கட்டியது. நுழைவு இலவசம், திங்கள் விடுமுறை. பழைய வழக்கப்படி ஆண்கள் பகுதியும் பெண்கள் பகுதியும் தனித்தனியாக நிற்க வேண்டும். இங்கே இரண்டையும் ஒரு நடைக்கூடம் இணைக்கிறது, கொரியாவை ஜப்பான் ஆண்ட கால வாடை. என்னைக் கேட்டால் சந்தைவிட இந்த வீட்டுக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும்.

கேள்வி: ஹன்போக் (கொரியப் பாரம்பரிய உடை) வாடகைக்கு எடுப்பது வீண் செலவா?

பதில்: அரண்மனைக்கும் போவதாக இருந்தால் எடுங்கள். ஹன்போக் உடுத்தியிருந்தால் கியோங்போக்குங் அரண்மனையில் நுழைவுக் கட்டணம் இல்லை. அதற்குச் செவ்வாய் விடுமுறை, சாங்தொக்குங் அரண்மனைக்குத் திங்கள். பாவாடை கணுக்காலுக்கு மேலே நிற்கட்டும். தரையைத் தொட்டால் சரிவில் இறங்கும்போது காலில் மாட்டும்.

கேள்வி: ஹனோக்கில் ஒரு இரவு தங்கலாமா?

பதில்: தாராளமாக. தங்குபவர்களுக்கு மேலே சொன்ன நேரக் கட்டுப்பாடு இல்லை. பல இடங்களில் தரையில் மெத்தை விரித்துத்தான் படுக்கை, சூடு அடியிலிருந்து வரும். கூட்டி வைத்தால் நடுராத்திரி தொண்டை வறண்டுவிடும். குறைத்து வைத்து, ஈரத் துண்டு ஒன்றைக் காயப் போடுங்கள். இரவில் வந்து சேர்ந்தால் சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு நடங்கள், சக்கரச் சத்தம் தெருவையே எழுப்பிவிடும்.