நீலகிரியில் எங்கே பார்த்தாலும் மரம்தானே, அப்புறம் எதைப் பாதுகாக்க வேண்டும்?

ஊட்டிக்கு வந்து போன நிறையப் பேர் இதைக் கேட்கிறார்கள். நான் இந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவன், நேராகச் சொல்லிவிடுகிறேன்: நீங்கள் சாலையோரம் பார்த்த சீகையும் (வாட்டில் மரம்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) இந்த மண்ணுக்குச் சொந்தமில்லை. 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் விறகுக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்தவை. சுதந்திரத்துக்குப் பிறகு தோல் பதனிடும் பட்டைக்காக அரசே மலை மலையாகச் சீகை நட்டது.

அதற்கு முன் மேல்மலை முழுக்கப் புல்வெளி, மடிப்புகளில் மட்டும் குட்டையான சோலைக்காடு. பெய்யும் மழையை இவை இரண்டும் பிடித்து வைத்துக்கொண்டு, மழை நின்ற பிறகும் மெதுவாக ஓடையில் விடும். பவானி ஆறு பிறப்பது அங்கேதான். வரையாடு மேய்வதும், தோடர்கள் எருமை மேய்த்ததும், கோயில் கூரை வேயப் புல் அறுப்பதும் அந்த நிலத்தில்தான்.

ஆனால் நீலகிரி என்றால் அது மட்டுமில்லை. ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக 36 கொண்டை ஊசி வளைவு இறங்கிப் பாருங்கள், ஸ்வெட்டரைக் கழற்றி மடித்து வைப்பதற்குள் சீகூரின் முள்காடு வந்துவிடும். 2019 ஆகஸ்ட் 8 அன்று மேல்மலையில் இருக்கிற அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது, சீகூரோ அதே மாவட்டத்தில் மழை மறைவில் கிடக்கிற நிலம். அங்கே எதிரி உண்ணிச்செடி. மானும் மாடும் வாய் வைக்காது, மேய்ச்சல் புல்லை மூடி, யானை நடக்கிற இடத்தையும் புதராக்கிவிடும். மேலே செய்கிற வைத்தியம் கீழே உதவாது.

சரி, சீகையை வெட்டிவிட்டால் போதுமா? வெட்டி இரண்டு வருடமான ஒரு சரிவுக்குத் தன்னார்வலர்களோடு போயிருந்தேன். எழுந்திருக்காமலே, கைக்கு எட்டின தூரத்தில், விரல் நீளச் சீகைக் கன்றுகள் நாற்பதுக்கு மேல் பிடுங்கினேன். விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும், வெயில் பட்டதும் கிளம்பிவிடும். அதனால் வருடா வருடம் போய்ப் பிடுங்கி, நம் புல்லின் தூர்களை நட வேண்டும். எல்லா இடத்திலும் வெட்டவும் கூடாது, சில பழைய சீகைத் தோப்புகளின் நிழலில் சோலை மரக் கன்றுகள் தானாக வந்துகொண்டிருக்கின்றன, அங்கே கோடரி வைத்தால் அவையும் போகும்.

என்னை மிகவும் வருத்துவது, நல்ல மனதோடு வண்டி நிறைய மரக்கன்று ஏற்றிக்கொண்டு 'வெறும் புல்லாகக் கிடக்கிறதே' என்று புல்வெளிக்கு வருகிறவர்கள்தான். கை கூப்பிக் கேட்கிறேன், அங்கே நடாதீர்கள். உதவ விரும்பினால் மழை விட்ட ஈரத்தில் வாருங்கள், சீகைக் கன்று வேரோடு வரும்.